ராணி பார்த்த பங்கர்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்தவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டை அவ்வளவு துருவிப் பார்த்ததில்லை; அல்சேசன் ஒரு நாய்க்குட்டி கொடுக்குமுன் பார்ப்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர், சுன்னாகத்தில் நான் விசாரித்த ஒன்பது பேருக்கும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு அல்சேசன் குட்டிகள் வளர்த்துக் கொடுத்தார். ஆகவே அவரும் அல்சேசன். அந்த நாய்களில் அல்சேசன் எவ்வளவு என்பது வேறு விஷயம். தாய் நாய் ராணிக்கு ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

நாய்களோடு அவர் "வாங்கோ, போங்கோ" என்று மரியாதையாகத்தான் பேசுவார். மனிதர்களுக்கு "நீர்" போதும். "ராணி, கொஞ்சம் தள்ளி இருங்கோ, உவர் வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறார்." குட்டி கேட்டுப் போன எனக்குக் கிடைத்த வரவேற்பு அதுதான்.

மின்சாரம் போய், குண்டு போடும் பொம்மர் விமானங்கள் வரத் தொடங்கிய காலம். எனக்கு முன் இரண்டு பேர் நின்றார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்திருந்த ஒரு விரிவுரையாளர், குட்டியின் வம்சத்துக்குப் பத்திரம் கேட்டார். அல்சேசன் ராணியைக் காட்டினார்.

"உதுதான் பத்திரம். வடிவாய் வாசியும்."

தெல்லிப்பழையிலிருந்து வந்தவர் கேற்றடியில் கட்டி வளர்க்கப் போவதாகச் சொன்னார்.

"கட்டி வளர்க்கிறதெண்டால் ஆடு வாங்கும். பாலாவது தரும்."

இருவரும் வெறுங்கையோடு சைக்கிள் ஏறினார்கள். மீதி நான்.

எனக்கோ அந்தக் குட்டி கட்டாயம் வேண்டும். பொம்மர் வந்தால் என் மனைவி முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் வரமாட்டாள். முதல் தடவை மட்டும் வந்தாள். அதற்குப் பிறகு பதினொரு தடவை, "நீங்கள் போங்கோ, நான் இதிலை இருக்கிறன்" என்று அடுப்படிப் பலகையிலேயே இருந்துவிட்டாள். பதினொரு தடவையும் நான் குழிக்குள் தனியே இருந்து, மேலே அவள் இருமுவது கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். மகள் கனடாவுக்குப் போன கவலையில் சாகவே துணிந்துவிட்டாள் என்று நினைத்தேன். பொம்மரின் சத்தம் நமக்குக் கேட்க மூன்று நிமிடம் முன்பே நாய்க்குக் கேட்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மூன்று நிமிடம் கிடைத்தால் கெஞ்சலாம். கெஞ்சியும் வராவிட்டால் இழுத்துக்கொண்டு போகலாம்.

அல்சேசன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பங்கர் இருக்கோ?"

"ஓம். ஆறடி நீளம், நாலடி அகலம், அஞ்சடி ஆழம். மேலை பனைமரக் குத்தி பதினொண்டு, மண்மூட்டை நாப்பத்திரண்டு."

"மூட்டையை ஆர் கேட்டது? குட்டிக்கு இடம் எது?"

"ஒரு மூலையிலை விடலாம்."

"வியாழக்கிழமை வாறம். ராணி பாத்துச் சொல்லட்டும்."

சொன்னபடி வியாழன் காலை வந்தார். சைக்கிள் கைபிடியில் ஒரு ஓலைக் கடகம், கடகத்துக்குள் குட்டி. "வாழப்போற வீட்டைப் பிள்ளையும் பாக்கவேணுமெல்லே?" பின்னால் ராணி, சம்பந்தி மாதிரி, அவசரமில்லாமல் நடந்து வந்தது. நேரே பங்கர் வாசலுக்குப் போய்த் தலையை நுழைத்தது. தும்மியது. வெளியே வந்து என்னைப் பார்த்தது. மறுபடியும் நுழைத்தது, மறுபடியும் தும்மியது.

அல்சேசன் குனிந்து எட்டிப் பார்த்தார். "உள்ளுக்கை என்ன?"

"விதை வெங்காயம். அறுபத்துநாலு பிடி."

வீட்டில் குண்டு விழுந்தால் அடுத்த நடுகைக்கு விதைக்கு எங்கே போவது? பாதுகாப்பான இடத்தில் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அல்சேசன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி! உந்தக் குழிக்குள்ளை நீர் இருந்து பாத்தனீரோ?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஒருக்கால் இருந்தனான் அண்ணை. கண் எரிஞ்சு, மூச்சும் அடைச்சுப்போச்சு. இவரிட்டைச் சொன்னனான். இவர் பிடியை எண்ணிக்கொண்டு நிண்டவர்."

நான் வாய் திறக்குமுன் ராணியின் மடிந்த காதும் நிமிர்ந்தது. இரண்டு காதும் வானத்தைப் பார்த்தன.

"வருது" என்றார் அல்சேசன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் குழிக்குள் குதித்து வெங்காயப் பிடிகளை வெளியே எறியத் தொடங்கினார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் வாய் எண்ணியது. பதினேழில் எனக்கும் இரைச்சல் கேட்டது. மனைவி பழக்கதோஷத்தில் அடுப்படிக்குத் திரும்பி நடந்தாள்.

"எங்கை போறீர்?" அல்சேசன் மேலே ஏறி வந்து, கடகத்திலிருந்த குட்டியை எடுத்து அவள் கையில் திணித்தார். "பிள்ளை நடுங்குது. உம்மடை மனிசன் வெங்காயத்தைத்தான் தூக்குவார். நீர் இதைத் தூக்கும்."

அவள் குட்டியைப் பார்த்தாள். இருண்ட குழியைப் பார்த்தாள். இரைச்சல் தலைக்கு மேலே வந்துவிட்டது. எத்தனையாவது பிடியில் எண்ணுவதை விட்டேன் என்று எனக்கு நினைவில்லை. என் வாழ்நாளில் பாதியில் விட்ட எண்ணிக்கை அது ஒன்றுதான். அவள் குட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படியில் இறங்கினாள். பின்னால் ராணி, பிறகு அல்சேசன், கடைசியாக நான்.

மூன்று குண்டுகள். ஒவ்வொன்றுக்கும் கூரையிலிருந்து மண் கொட்டியது. ஐந்து உயிரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தோம். நான்காவதை எதிர்பார்த்து மூச்சை அடக்கியிருந்தபோது என் மடி சுடச்சுட நனைந்தது. குட்டி. மனைவி அந்த இருட்டில் சிரித்தாள். மகள் போனபின் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

மேலே வந்தோம். குண்டு விழுந்தது அடுத்த தோட்டத்தில். எங்கள் அடுப்படிக் கூரையில் பத்தொன்பது ஓடுகள் இல்லை. நான்கு, அவள் வழக்கமாக இருக்கும் பலகைக்கு மேல் உடைந்து கிடந்தன. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அல்சேசன்தான் முதலில் அசைந்தார். பங்கர் வாசலில் குனிந்து, "என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார். ராணி மிஞ்சிய வெங்காயத்துக்கு முதுகைக் காட்டியபடி உள்ளே வசதியாகப் படுத்திருந்தது.

"சரி. அவ சம்மதிச்சிட்டா."

குட்டியை விட்டுவிட்டுப் போனார். வெங்காயத்தைப் பொறுக்கி எண்ணினேன்: அறுபத்திரண்டு பிடி; இரண்டு கடகத்தோடு போயிருந்தது. அவர் விலை கேட்காததன் காரணம் அப்போது புரிந்தது.

அதற்குப் பிறகு நினைத்த வியாழன்களில் வருவார். எங்களைச் சுகம் கேட்கமாட்டார். பங்கருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டுப் போவார். பொம்மர் வந்த ஒவ்வொரு முறையும் மனைவி குட்டியோடு எனக்கு முன்னே உள்ளே இருந்தாள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, கைதடிக்குக் கிட்ட அவரைக் கண்டேன். சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, கிழட்டு ராணியை அதற்குள் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். அந்த நெரிசலிலும் எங்கள் நாயின் வாயைத் திறந்து பார்த்தார், காதுக்குள் பார்த்தார், நான்கு பாதங்களையும் தூக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "கவனமாய்ப் போங்கோ. தண்ணி குடிச்சுக் குடிச்சுப் போங்கோ" என்றார். சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பிறகு அவரைக் காணவே இல்லை.

அதை அவர் நாய்க்குத்தான் சொன்னார் என்கிறாள் மனைவி. இருக்கலாம். ஆனால் "போங்கோ" என்று இரண்டு தரம் சொன்னார். அதில் ஒன்று எனக்குத்தான்.