மரங்கொத்தி வீரனின் ஒன்பது இறகுகள்

அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை என்று தலைவர் சபதம் போட்டபோது காலை மணி ஏழரை. இன்னும் பல்கூட விளக்கியிருக்கவில்லை.

தலைவர் என்றதும் ஏதோ கட்சித் தலைவர் என்று நினைத்துவிடக் கூடாது. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ‘மரங்கொத்தி வீரன் வாசகர் வட்டம்’ என்று நாற்பத்தோரு பேர் கொண்ட வாட்ஸப் குழு ஒன்று உண்டு. அதற்குத்தான் தலைவர். மரங்கொத்தி வீரன் காமிக்ஸ் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இதழ்கள். அத்தனையும் அவரிடம் இருந்தன. சிலது இரண்டிரண்டாக. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், உறைகள் அட்டைப்பெட்டிக்குள், பெட்டிகள் இரும்பு பீரோவுக்குள், பீரோ ஜன்னல் அறைக்குள். வீட்டில் வெளிச்சம் வரும் ஒரே அறை அதுதான். வெளிச்சம் பட்டால் அட்டை வெளுத்துவிடும் என்று அந்த ஜன்னலையும் கறுப்புத் துணியால் மூடிவிட்டார்.

அவர் மனைவி தையல் வேலை செய்பவள். பாதித் தெரு அவள் தைத்த சட்டையில்தான் நடமாடிக்கொண்டிருந்தது. ஆனால் அவளுடைய மெஷினுக்குக் கிடைத்த இடம் நடைவழியில், ஃபிரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில். யாராவது தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால் அவள் எழுந்து நிற்க வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக எழுந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் அறையைக் கேட்கும்போதெல்லாம், “மரங்கொத்தியை எங்க கொண்டுபோய் வைக்கிறது?” என்று தலைவர் அவள் வாயை அடைத்துவிடுவார்.

மரங்கொத்தி வீரனைப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து தலைவர் சினிமாச் செய்தி எதையும் பார்ப்பதில்லை. தெருவில் போஸ்டர் தென்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். குழுவிலும் யாரும் படத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது கட்டளை. அந்தக் கட்டளையை மீறி, இதுநாள்வரை ஒரு வார்த்தை பேசாத நாற்பத்தோராவது உறுப்பினர் அன்று காலை போஸ்டரைக் குழுவில் போட்டுவிட்டார்.

“அக்கிரமம்!” என்று தலைவர் படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார்.

“காலங்காத்தால யாருங்க போயிட்டாங்க?”

“மரங்கொத்தி வீரனோட அங்கியைக் கறுப்பாக்கிட்டானுங்க! பச்சைம்மா அது! முதல் இதழ்லேருந்து பச்சை!”

“கறுப்புன்னா அழுக்கு தெரியாதுல்ல?”

“மரத்துல ஒளிஞ்சு நிக்கிறவன் பச்சையாத்தானே இருக்கணும்? கறுப்பைப் போட்டுக்கிட்டு கிளையில உக்காந்தா காக்கான்னு நினைச்சு கல்லை விட்டு அடிப்பாங்க!”

“நியாயந்தான்.”

“எந்த காமிக்ஸைப் படமா எடுத்தாலும் இதே கூத்துதான். முதல்ல அரை மணி நேரம் அப்பாவை நினைச்சு அழுவான். அப்புறம் ஒரு குத்து, ஒரு ஜோக்கு. ஒரு குத்து, ஒரு ஜோக்கு. குத்து வாங்கினவனே சிரிப்பான். கடைசியில பேரெல்லாம் ஓடி முடியற வரைக்கும் ஜனம் எந்திரிக்காம உக்காந்திருக்கும். எதுக்கு? அடுத்த படத்துக்கு அரை நிமிஷம் தூண்டில் போடுவான், அதுக்கு!”

“பல்லை விளக்கிட்டு வந்து திட்டுங்களேன்.”

உள்ளதைச் சொன்னால், தலைவரின் வயிறு எரிந்தது அங்கிக்காக இல்லை. பொறாமை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கேலி செய்தபோதும் முப்பது வருஷமாக மரங்கொத்தியைக் கைவிடாதவர் அவர் ஒருத்தர்தான். இப்போது டீசர் வந்த ஆறு மாதத்தில் தெருவெல்லாம் மரங்கொத்தி பனியன். போன வாரம் கடைக்கு வந்த ஒருத்தன் மரங்கொத்தி ஃபிரேம் இருக்கிறதா என்று கேட்டான். தனக்கு மட்டும் என்று வைத்திருந்த சிநேகிதனை ஊரே தோளில் கைபோட்டு அழைத்துப்போவதை எந்த மனுஷன் பொறுப்பான்?

“நான் இந்தப் படத்தைப் பார்க்க மாட்டேன்! சபதம்!”

“பார்ப்பீங்க.”

“பார்த்தா அந்த ஜன்னல் ரூம் உனக்கு!”

மெஷின் நின்றது. அவள் ஃபிரிட்ஜ் மேலிருந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

“எழுதிக் குடுங்க. ‘படம் பார்த்தா’ன்னு வேண்டாம். கண்ணை மூடிக்கிட்டேன்னு சொல்லிடுவீங்க. ‘தியேட்டருக்குள்ள காலை வச்சா’ன்னு எழுதுங்க.”

தலைவர் எழுதினார், கையெழுத்தும் போட்டார். நாற்பது பேருக்கும் புறக்கணிப்பு அறிக்கை அனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் பல் விளக்கப் போனார்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் சாப்பிட வந்தவர் வாசலில் பூட்ஸ் ஒரு ஜோடியைக் கண்டார். குழந்தையைத் தூங்கவைக்கிற அளவுக்குப் பெரிய பூட்ஸ். உள்ளே ஒரு மலை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் மார்பைச் சுற்றி இஞ்சு டேப் போட்டிருந்தாள் அவர் மனைவி.

“நாப்பத்தி நாலு!” என்றாள். அந்தக் குரலில் ஒரு மரியாதை இருந்தது. தலைவருக்கு அவள் டேப் வைத்தே பல வருஷமாகிறது. “உங்களுக்கு எதுக்கு அளவு? வருஷத்துக்கு ஒரு இஞ்சு கூட்டினா சரியா வந்துடும்” என்பாள்.

“யாரு இது?”

“அடுத்த தெரு ஜிம் மாஸ்டருங்க. வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ். காலைக் காட்சிக்கு முன்னாடி தியேட்டர் மேடையில வேஷப்போட்டியாம். மரங்கொத்தி வீரன் டிரஸ் கேக்கறாரு.”

“வணக்கம் சார். நானும் மரங்கொத்தி ரசிகன்தான் சார்” என்றது மலை.

“எத்தனாவது இதழ்லேருந்து?”

“இதழா? டீசர்லேருந்து சார்.”

சோறு இறங்கவில்லை. தன் வீரனின் உடுப்பை, தன் மனைவி தைக்க, டீசரில் முளைத்த ஒருத்தன் போடப் போகிறான். அதுவும் அவனுக்குப் பொருந்திவிடும். அதைத்தான் தாங்க முடியவில்லை. தலைவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அதுவும் நாற்பத்தி நாலுதான், ஆனால் இடம் தப்பு.

“ஏங்க, காமிக்ஸ்ல எப்படியோ அப்படியே வேணுமாம். நீங்கதான் சொல்லணும். எனக்கு என்ன தெரியும்?” என்று அவள் நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. தப்பாகச் சொன்னால் என்ன? மேடையில் ஊரே சிரிக்காதா? மலை மண்ணைக் கவ்வாதா?

“கொண்டையில எத்தனை இறகு?”

மரங்கொத்தி விஷயத்தில் தலைவர் பொய் சொன்னதே இல்லை. “ஏ... ஏழு.”

“ஏழா? நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“ஏழுதான்! முப்பது வருஷமாப் படிக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

“உளிப்பை இடுப்புல எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.” சொல்லிவிட்டு எழுந்துபோய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். அவள் எழுந்து நின்று ஃபிரிட்ஜுக்கு வழி விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பட்டனும் லைனிங் துணியும் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். பின்னாலேயே தலைவர் கடையைப் பூட்டினார். தொப்பி, வாயை மூடும் மாஸ்க், கடைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி. படம் பார்க்கப் போகவில்லை, மலை விழுவதைப் பார்த்துவிட்டு டைட்டில் போடுவதற்குள் வெளியே வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தியேட்டருக்குள் வலது காலை வைக்கும்போது ரசீதுப் புத்தகம் ஞாபகம் வந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று இடது காலையும் வைத்தார்.

மேடையில் ஜிம் மாஸ்டர் ஏறினார். பச்சை அங்கி முழங்கால்வரை வழிந்தது. மூக்கு அலகு மின்னியது. மேடை ஓரத்தில் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஒருத்தி அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலைவரின் மனைவி. பட்டன் வாங்கப் போனவள்!

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இதோ சிரிக்கப் போகிறார்கள். ஏழு இறகு! வலது பக்கம் பை! இதோ.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். ஐந்நூறு பேரில் ஒருத்தருக்குக்கூட இறகை எண்ணத் தெரியவில்லை.

“ஆகா! காமிக்ஸ்ல இருக்கறபடியே, ஒரு இறகுகூட மாறாம!” என்று மைக் பிடித்தவர் முழங்கினார்.

தலைவரால் அதற்கு மேல் முடியவில்லை. உட்கார்ந்தால் முதுகு சுட்டது.

“ஒன்பது!” என்று எழுந்து நின்று அலறினார். “இறகு ஒன்பதுய்யா! ஏழு இல்லை!”

கூட்டம் அடங்கியது. மைக் அவர் கைக்கு வந்தது. மைக்கைக் கண்டதும் தலைவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

“உளிப்பை இடது பக்கம்! அவன் வலது கையைக் குறுக்கே விட்டு உளியை உருவறவன், பதினாலாம் இதழ் பாருங்க! என்னய்யா கூட்டம் இது? டீசரைப் பார்த்துட்டு வந்து விசிலடிக்கிறீங்க!” மூச்சு முட்டவே மாஸ்க்கைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றினார். அதன் காதுப்பிடியில் அவர் கடை விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

“சார் யாரு?”

“வாசகர் வட்டத் தலைவர்!”

இருட்டில் அங்கங்கே பத்துப் பதினைந்து குரல்கள் எழுந்தன. “தலைவரா? நம்மளைப் போகக் கூடாதுன்னாரே?” புறக்கணித்த வாசகர் வட்டம் பாதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

மேடையில் அவர் மனைவி வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். “அவர் சொல்றது சரிதாங்க. ஒன்பதுதான்.” பையைத் திறந்தாள். கொக்கி வைத்துத் தைத்துத் தயாராக இருந்த இரண்டு இறகுகளை எடுத்துக் கொண்டையில் மாட்டினாள். உளிப்பையைக் கழற்றி இடது பக்கம் வைத்தாள். அரை நிமிஷ வேலை. முதல் பரிசு ஜிம் மாஸ்டருக்கு.

இருவரும் வீடு திரும்பினார்கள். வாசலிலேயே தலைவர் அவளை மடக்கினார்.

“ஒன்பதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க கடைக்குப் போனப்புறம் தினம் ஒண்ணு படிப்பேன். இருநூத்திப் பன்னிரண்டையும் நாலு தடவை முடிச்சாச்சு.”

“முப்பத்தேழாம் இதழ் நடுப்பக்கத்துல துருக்கறை...”

“பக்கத்துக்கு அடையாளமா குண்டூசி வச்சேன். எடுக்க மறந்துட்டேன்.”

தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கம் போனதுகூடப் பரவாயில்லை. தன்னைவிட ஒரு தடவை அதிகமாகப் படித்திருக்கிறாள் என்பதுதான் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் காலை ஜிம் மாஸ்டர் வந்தார். பெட்டிகளோடு சேர்த்து பீரோவை அணைத்துத் தூக்கி, ஃபிரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனார். ஜன்னலில் இருந்த கறுப்புத் துணி இறங்கியது. அறையெல்லாம் வெயில். அதன் நடுவில் மெஷின், மெஷின் முன்னால் காலை நீட்டிக்கொண்டு அவள்.

“அந்த ஆளுக்கும் உனக்கும் அப்படி என்ன சிநேகிதம்? கூப்பிட்ட உடனே ஓடி வந்து தூக்கறாரு?” என்றார் தலைவர் பொறுக்கமாட்டாமல்.

“தையல் கூலிக்குப் பதிலா பீரோ தூக்கித் தரேன்னு போன மாசமே பேசிக்கிட்டதுங்க.”

“போன மாசமா? நான் சபதம் போட்டதே போன வாரம்தானே?”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“போஸ்டர் வந்தே ஒரு மாசமாச்சுங்க. பீரோவுக்கு ஆள் அமையட்டும்னுதான் உங்க குழுவுல போடாம வச்சிருந்தேன்.”