தாய்மாமனுக்கு மியூட்டா?

மன்னார்குடி

சௌபாக்கியவதி ஜெயபாரதிக்கு, தாய்மாமன் பஞ்சநதம் ஆசீர்வதித்து எழுதுவது.

நீ என் வாயை அடைத்துவிட்டாய். ஜப்பான் தேசத்துக்கு முன்னால், ஒரு பொத்தானை அமுக்கி, உன்னைப் பெற்றவளின் உடன்பிறந்தவன் வாயை அடைத்துவிட்டாய். மற்றபடி இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பிறகு விசாரிக்கிறேன்.

உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஜப்பான் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் வழியாக இங்கிலீஷ் பேசிப் பழகப்போகிறார்கள், டீச்சர்களும் ஒருவருக்கொருவர் பாடம் பரிமாறிக்கொள்ளப்போகிறார்கள் என்று சொன்னது நீ. "மாமா, நீங்களும் வாங்க, பத்து நிமிஷம் பேசுங்க" என்று தாம்பாளம் ஏந்தாத குறையாக அழைத்ததும் நீ. சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால், நம் பிள்ளைகள் வணக்கம் வைக்கிறார்கள், அவர்கள் இடுப்பை வளைத்துக் குனிகிறார்கள், குனிந்தவர்களைச் சும்மா விடலாமா என்று நம்மவர்கள் மறுபடி வணக்கம், அவர்கள் மறுபடி குனிய, சம்பந்தி வீட்டார் முதன்முதலாகச் சந்தித்ததுபோல இரண்டு பக்கமும் நிறுத்த மாட்டேன் என்கிறார்கள். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. நீ "ஸ்பீக், ஸ்பீக்" என்று பல்லைக் கடிக்கிறாய். அந்த நேரத்தில் நான் எழுந்தது தப்பா?

நான் சொன்னது மோரின் மிஸ் கதை. ஹரித்ராநதிக் குளத்தின் கீழ்க்கரையில் நான் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தபோது, அயர்லாந்திலிருந்து ஒரு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவர். அவருக்கு சைக்கிள் விடத் தெரியாது, ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் தெரியாது. சீட்டைப் பிடித்துக்கொண்டு குளத்தை ஒரு சுற்று ஓடினால் எனக்கு ஒரு வாக்கியம் என்று ஒப்பந்தம். காலை வெயிலில் நடுமண்டபம் தண்ணீரில் ஆடும், துவைக்கிற பொம்பளைகள் துணியை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், "ஹோல்டிங், பஞ்சநதம்?" என்று அவர் கத்த, "ஹோல்டிங், மேடம்!" என்று நான் மூச்சிரைப்பேன். ஒருநாள் வடகரையில் கையை விட்டுவிட்டேன். அது தெரியாமல் அவர் போய்க்கொண்டே இருந்தார். நின்ற இடத்திலேயே நின்று, "ஹோல்டிங், மேடம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது கடை வாசலில் நின்று, "இனி யாரிடம் பேசுவாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார். யாராவது வருவார்கள் என்றேன். இத்தனை வருஷமாக யாரும் வரவில்லை, ஜெயபாரதி. அன்றைக்கு உன் கம்ப்யூட்டரில்தான் வந்தார்கள்.

நாற்காலியைச் சைக்கிளாகப் பிடித்து வகுப்பறையைச் சுற்றி ஓடி, கையை விட்டு நின்றதுவரை செய்தே காட்டினேன். வேர்த்துப்போய் உட்கார்ந்தால் உங்கள் கம்ப்யூட்டர் வாத்தியார் பிரபு வந்து, "சார், நீங்க மியூட்ல இருந்தீங்க. மாமா ஆரம்பிச்சிட்டாங்க, முடிக்கட்டும், அப்புறம் திறந்துக்கலாம்னு மேடம்தான் சொன்னாங்க" என்கிறான். காது குத்தும்போது நீ உட்கார்ந்து கதறியது யார் மடியில்? அன்றைக்கு உன்னை யாராவது மியூட் பண்ணினார்களா?

ஆகவே நடக்கவேண்டியது இது. ஜப்பான் டீச்சரம்மாவிடம் நீ தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரபு அந்தப் பொத்தான் பக்கம் கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் ஒரே ஒரு வணக்கத்தோடு நிறுத்த வேண்டும். உன் வீட்டுக்காரர் நேரில் வந்து என்னை வண்டியில் அழைத்துப்போக வேண்டும். உன் அம்மா சமாதானம் பேச வரக் கூடாது. வந்தால் முறுக்கோடு வர வேண்டும்.

கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. குழந்தை குட்டிகளோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
பஞ்சநதம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது பிரபு போனும் கையுமாக வந்தான். 'சத்தமில்லாத தாத்தா என்ன சொன்னார்?' என்று ஜப்பான் டீச்சரம்மா தன் பிள்ளைகளை இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருக்கிறார். நான் எருமை விரட்டுகிறேன் என்று ஒருவன். நாற்காலி திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்று இன்னொருவன். ஒரு பெண் மட்டும், 'தாத்தா சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். பிறகு விட்டுவிட்டார். முன்னால் போகிறவருக்கு அது தெரியாது' என்று எழுதியிருக்கிறாள். பிரபுவை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அடுத்த வாரம் அவர்கள் பேசாமல் நடிப்பார்களாம், நம் பிள்ளைகள் இங்கிலீஷில் சொல்ல வேண்டுமாம். மேலே எழுதிய எதையும் யாரும் செய்ய வேண்டாம். பொத்தானை நீயே வைத்துக்கொள். வண்டி அனுப்பாதே, சைக்கிளில் வருகிறேன். முறுக்கு மட்டும் வரட்டும்.