குடுவைச் செடியின் உடல்நிலை குறித்து

பொகவந்தலாவை,
ஞாயிறு, காலையிலிருந்தே மழை.

அன்பு மகள் நிலக்ஷிக்கு,

அப்பா சுகம். நீயும் மாப்பிள்ளையும் நீர்கொழும்பில் ஒரு தடுமல்கூட இல்லாமல் இருக்க, கதிரேசனை வேண்டிக்கொண்டு எழுதுவது.

பொங்கலுக்கு வந்தபோது நீ தந்துவிட்டுப் போன, பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடி இன்னும் வாடித்தான் கிடக்கிறது. முப்பத்தொரு வருசம் தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்தவனுக்கு ஒரு செடியின் வியாதி தெரியாதா என்று நானே வைத்தியத்தில் இறங்கினேன். முதலில் குடுவைகளின் வாயோரம் கருகியது. வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் மாற்றினேன். பிறகு இலை தொங்கியது. நீர்ச்சத்துக் குறைவு என்று தீர்மானித்து, வயிற்றோட்டக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல உப்பும் சீனியும் கரைத்து மூன்று வேளை ஊற்றினேன். எறும்பு வந்தது. அதைத் தின்றாவது செடி தேறும் என்று பார்த்தால், எறும்புதான் தேறியது. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி எட்டிப் பார்த்து, "டிஸ்பென்சரய்யா, யாரோ கண்ணு வச்சிட்டாங்க"ன்னு மிளகாய் சுத்தி அடுப்புல போட்டா. அந்தப் புகையில நான் மட்டுந்தான் இருமுனேன். செடிக்கு அதுக்கும் தெம்பில்ல.

கடைசியில், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அதை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினேன். நோர்வூட் தாண்டும்போது பக்கத்து சீட்டு அம்மா, "என்ன செடிங்கய்யா இது?"ன்னு கேட்டாங்க. "பூச்சிய உசுரோட திங்கும்மா"ன்னேன். ஒடனே கைக்குழந்தைய மத்தப் பக்க மடிக்கு மாத்திட்டாங்க. அப்புறம் ஹட்டன் வரைக்கும் பேச்சே இல்ல. அன்னைக்கு அதுவரைக்கும் என்கிட்ட பேசினது அவங்க ஒருத்தர்தான், அதையும் நானே கெடுத்துக்கிட்டேன்.

ஹட்டனில் பூக்கன்று விற்கிற சிங்களக் கடைக்கார மாத்தயா குடுவையைச் சாய்த்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஐயா, உள்ளுக்கு என்ன போட்டது?"

"நெத்தலி."

"எத்தனை நாள்?"

"தினமுந்தான். ராத்திரி நான் சாப்பிடும்போது."

"ஏன்?"

"தனியா சாப்பிட ஒரு மாதிரியா இருந்துச்சு"ன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அழுகிய குடுவைகளை வெட்டி, உப்பு ஊறிய மண்ணைக் கொட்டி, ஈரப்பாசியில் நட்டுக் கொடுத்தார். "மழைத்தண்ணி மட்டும் போதும் ஐயா. பனி படாம வைங்க. சாப்பாடு அதுவே புடிச்சுக்கும். நீங்க குடுக்க வேணாம்" என்றார். பிறகு எனக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

அவர் சொன்னபடியே செய்கிறேன். ஆனாலும் நிலைமை கவலைக்கிடம்தான். நீ போன் கோல் எடுத்தால் விவரமாகச் சொல்கிறேன். இதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நீண்டநாள் நல்லா இருங்கள்.

இப்படிக்கு, அப்பா,
கணேசமூர்த்தி

பி.கு.: கவர் ஒட்டப்போய் மனசு கேட்கல. செடி தேறி மூணு வாரமாச்சும்மா. புதுசா ரெண்டு குடுவை விட்டிருக்கு. மாசத்துக்கு ஒரு தரம் கோல் எடுக்கிற நீ, செடி வாடுதுன்னு சொன்ன வாரம் மூணு தரம் எடுத்த. அதான் இன்னும் குணமாகலன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். வர வேண்டாம்னு எழுதினதும் பொய்தான்.