கம்பளித் தொப்பி போட்ட வைன்

எனக்குப் பயம் ஒரு நோய். கதவைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பு வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். (பஸ் போய்விடும். பிறகு வேலைக்குப் பிந்தியதற்குப் பயப்படுவேன்.) அப்படிப்பட்டவன் துணிந்து செய்த ஒரே காரியம் வீட்டில் வைன் செய்தது. அதனால் கெட்டது என் தங்கச்சியின் கலியாணம்.

எண்பதுகளின் கடைசி. வெள்ளைக்கார நாட்டில், மிட்சம் என்ற ஊரில், ஒரு சின்ன ஃபிளாட்டில் நானும் தங்கச்சி சாந்தியும் இருந்தோம். அவளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெடியனின் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். (நான் காணாத மாதிரி இருந்தேன்.) பெடியனின் தகப்பன் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வைக்கமாட்டாராம். சத்தியமாக நான் ஒரு சொட்டும் வாயில் வைத்ததில்லை. ஆகவே கலியாணம் சரி என்று முடிவு கட்டி, அடுத்த பயத்துக்குத் தாவினேன். நான் வேலை செய்த பேக்கரியின் வெள்ளைக்காரர்கள் கலியாணத்துக்கு வந்தால், குடிக்க என்ன கொடுப்பது?

மருந்துக்கடையில் வைன் செய்கிற பெட்டி விற்றார்கள். மருந்துக்கடையில் பிழையான சாமான் விற்பார்களா? வாங்கிவிட்டேன். உள்ளே திராட்சைப் பாகு, ஈஸ்ட், ஒரு கண்ணாடி ஜாடி, காற்றுப் போக வளைந்த குழாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், படங்களைப் பார்த்தே செய்தேன். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் சுவர் அலுமாரியில், போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்தேன். சாந்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாளோ என்று பயம்.

குமிழி வந்தால்தான் உயிர் பிடித்ததாம். வரவில்லை. குளிருதாக்கும் என்று என் மஃப்ளரைச் சுற்றினேன். பிறகு என் கம்பளித் தொப்பியின் உச்சியில் ஓட்டை வெட்டி, குழாய் வெளியே நிற்க, மாட்டிவிட்டேன். மிச்ச ஈஸ்டையும் கொட்டினேன். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெடியனின் தாய் தகப்பன் வந்தார்கள். அவர்களுக்குக் குளிருமே என்று விடிய முதலே பொய்லரை முழுச் சூட்டில் விட்டிருந்தேன். சாந்தி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். தகப்பன் இரண்டாவது வடையை எடுத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போதுதான் சுவருக்குள்ளிருந்து 'ப்ளுக்' என்றது.

"என்ன தம்பி, சுவருக்குள்ள சத்தம்?"

"சுடுதண்ணிப் பைப், ஐயா. காத்துப் பிடிச்சுக் கிடக்குது."

அவர் ஊரில் குழாய் வேலை பார்த்தவர் என்று எனக்கு யார் சொன்னது? காற்றை விடக்கூடாது, வெடித்துவிடும் என்று வடையை வைத்துவிட்டு எழும்பினார். கவுன்சில் ஆட்கள் வந்து திருத்துவார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அலுமாரியைத் திறந்து போர்வைகளை இழுத்துவிட்டார்.

மஃப்ளரும் தொப்பியுமாக ஜாடி அவரைப் பார்த்தது. குழாயால் நுரை பொங்கித் தொப்பியில் வழிந்தது. அவர் குனிந்து மணந்து பார்த்தார்.

கலியாணத்துக்கு வரும் வெள்ளைக்காரருக்கு என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்:

"நான் குடிக்கிறேல்லை, ஐயா. செய்யிறது மட்டும்தான்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "குடிக்கிறவை போத்தில் வாங்குவினம். இவர் ஃபாக்டரியே வைச்சிருக்கிறார். எழும்பும், போவம்."

அவர்கள் போனபின் சாந்தி தொப்பியைக் கழற்றி, ஓட்டையைப் பார்த்தாள்.

"ஆருக்கு அண்ணை இது?"

"உன்ர கலியாணத்துக்கு."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜாடி மட்டும் அன்றைக்கு முழுக்க உற்சாகமாகக் குமிழி விட்டது.

அடுத்த நாள் விளக்கம் சொல்லப் போன் எடுத்தேன். பெடியனின் தாய் பேசினா. நான் தொடங்குமுன்பே, கெதியாகக் குடியை விடும் தம்பி என்று அன்பாகச் சொல்லி, போனை வைத்துவிட்டா.

சாந்தி பிறகு ஃபாரஸ்ட் கேட் என்ற ஊரில் ஒருவரைக் கட்டினாள். நல்ல மனுசன். (அவர் குடிப்பார். நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?) இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாராவது என்னிடம் கிளாஸை நீட்டினால், அவள் எங்கிருந்தாவது வந்துவிடுவாள்.

"அண்ணை குடிக்கிறேல்லை. செய்யிறது மட்டும்தான்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.