மகளுக்கு இன்சூரன்ஸ் வாங்கிய சனிக்கிழமை

கார் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஆண்பிள்ளை உலகத்தில் எவனும் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் மகளுக்குக் கார் இன்சூரன்ஸ் வாங்கிய அந்தச் சனிக்கிழமை வரை.

தாரிணிக்குப் பதினேழு வயதாகி லைசென்ஸ் வந்திருந்தது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வந்தால் கேக் வெட்டுவார்கள். நாங்களும் வெட்டினோம். கேக்கை மென்றுகொண்டே எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, அவளையும் சேர்த்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். மறுமுனையிலிருந்த பெண் ஒரு தொகையைச் சொன்னாள்.

“வருஷத்துக்குத்தானே?” என்றேன்.

“ஆறு மாதத்துக்கு” என்றாள்.

கேக் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த வாரம் முழுக்க நான் வேறு வேலையே பார்க்கவில்லை. (ஆபீஸ் வேலையும்தான். என் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.) கண்ணில் பட்ட வெப்சைட்டிலெல்லாம் என் போன் நம்பரைக் கொடுத்தேன். ஒஹாயோவிலிருந்தும் அரிசோனாவிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு என் மகளை அன்பாக நலம் விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு, முந்தையவர் சொன்னதைவிடக் கூடுதலாக ஒரு தொகையைச் சொன்னார்கள்.

“பேசாம அவ பஸ்லயே போகட்டுமேங்க” என்றாள் என் மனைவி சுமதி.

“அம்மா, தேர் இஸ் நோ பஸ்” என்றாள் தாரிணி. அவளுக்குப் பிரின்ஸ்டனில் ஒரு லைப்ரரியில் பகுதிநேர வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். முதல் வேலை. அதற்காக ஒரு சட்டைகூட வாங்கி, இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருந்தாள். இன்சூரன்ஸ் வராமல் சாவி தரமாட்டேன் என்று நான் வேறு சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் தவரட்ணம் அண்ணன் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், பல கம்பெனிகளுக்கு இன்சூரன்ஸ் ஏஜென்ட். பொங்கல் விழாவில் பார்த்துப் பழக்கம். கூப்பிட்டதும், “சனிக்கிழமை வீட்டை வாறன் தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்றார்.

வந்தார். கருநீலத்தில் புத்தம்புதுக் காரில். அதை எங்கள் வீட்டு முன்னாலிருக்கும் டிரைவ்வேயில் நிறுத்தி, இறங்கி, நாலடி நடந்து, திரும்பி நின்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து தாரிணியின் மார்க்கையெல்லாம் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“அண்ணா, அவ ஓட்டறத நீங்க ஒரு தடவ நேர்ல பாக்கணும். பாத்துட்டு கம்பெனிக்கு ஒரு நல்ல வார்த்த சொல்லுங்க.”

“நான் பாத்து என்ன தம்பி செய்யிறது? விலையைக் கொம்பியூட்டர்தானே சொல்லுது.”

“அப்பா, தட்ஸ் நாட் ஹவ் இட் ஒர்க்ஸ்” என்றாள் தாரிணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மகளைப் பாடச் சொல்லும் தகப்பன் யார் பேச்சைக் கேட்பான்? “சும்மா ஒரு ரவுண்டும்மா, அங்கிளுக்கு ஓட்டிக் காட்டு” என்று அவளையும் அண்ணனையும் எங்கள் மினிவேனில் ஏற்றிவிட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், தாரிணி அழகாக ஓட்டினாள். ஸ்டாப் போர்டுகளில் முழுசாக நின்றாள். தெருவின் குறுக்கே வாத்துக் கூட்டம் ஒன்று அசைந்து அசைந்து போனபோது ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தாள். பக்கத்து சீட்டில் நான்தான் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலி கண்டேன்.

“பிள்ளை நல்லா கார் ஓடுறா” என்றார் அண்ணன் பின்சீட்டிலிருந்து. எனக்குப் பெருமை தலைக்கேறியது.

திரும்பி வந்ததும், டிரைவ்வேயில் அண்ணன் கார் நின்றதால் தாரிணி வேனைத் தெருவோரமாக நிறுத்தினாள். ரொம்பச் சரியான காரியம்.

“எதுக்கு ரோட்ல நிறுத்தற? அண்ணன் கார் பக்கத்துல இவ்ளோ இடம் இருக்கே” என்றேன்.

“ஐம் ஃபைன் ஹியர், அப்பா.”

“எறங்கு. ரிவர்ஸ் எப்படி எடுக்கறதுன்னு நான் காட்டறேன், பாத்துக்கோ.”

திருச்சியில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டர், ‘கண்ணாடிய நம்பாத தம்பி, கழுத்த நம்பு’ என்பார். அதனால் வேனின் பின்பக்கத்தைக் காட்டும் காமிரா பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் வழியே கழுத்தை முழுநீளத்துக்கு வெளியே நீட்டினேன். அண்ணனும் தாரிணியும் புல்வெளியில் பார்வையாளர்களாக நின்றார்கள். வேன் ‘பீப் பீப்’ என்றது.

“அப்பா, ஸ்டாப்.”

“பேசாம பாரு. மொதல்ல ஸ்டியரிங்க இப்படி ஒடிக்கணும்…”

“அப்பா, ஸ்டாப்!”

“ஒடிச்சுட்டு, பதட்டப்படாம, மெதுவா…”

“தம்பீ!” என்ற அலறல் யாழ்ப்பாணத்துக்கே கேட்டிருக்கும். கூடவே, அப்பளக் கட்டின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம்.

நான் நீட்டிய கழுத்து இடதுபக்கம். அண்ணன் கார் வலதுபக்கம்.

சுமதி பஜ்ஜித் தட்டோடு வாசலுக்கு ஓடிவந்தாள். அந்த நேரம் பார்த்து, நாயோடு நடை போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் வந்து தாரிணியின் தோளைத் தட்டினார். கவலைப்படாதே கண்ணே, ஓட்டப் பழகும்போது எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று ஆறுதல் சொன்னார். நான் (வெட்கமில்லாமல்) தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

“இட் வாஸ் மை டாட்” என்றாள் தாரிணி. “ஹி வாஸ் டீச்சிங் மி.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நாயும் பார்த்தது.

அண்ணன் தன் காரை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பின்கதவு உள்ளே போயிருந்தது. அதைத் தடவிக்கொண்டே, “தம்பி… இன்னும் நம்பர் பிளேட்டே வரேல்லை” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபடி சாப்பாட்டு மேஜை. பஜ்ஜியை யாரும் தொடவில்லை. அண்ணன் லேப்டாப்பை வெகுநேரம் பார்த்தார்.

“பிள்ளைக்கு நல்ல மார்க். டிரைவிங் கோர்ஸும் செய்திருக்கிறா. ரெண்டுக்கும் விலையிலை கழிவு கிடைக்கும். வரேக்குள்ள நல்ல விலையொண்டு மனசிலை வச்சிருந்தனான்.”

“இப்ப அண்ணா?”

“இப்ப வீட்டிலை ஆபத்தான சாரதி ஒராள் இருக்கிறார்.”

அது யார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

தாரிணி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. காரை இடித்தது நான். வேலை போகப்போவது அவளுக்கு.

“என்ன வேணா சொல்லுங்கண்ணா, செய்யறேன்” என்றேன்.

அண்ணனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகத் தேடினார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. முதலில் நினைத்த விலை இல்லை, ஆனால் மூச்சு விடக்கூடிய விலை. ஒரு நிபந்தனை: பாதுகாப்பாக ஓட்டுவது எப்படி என்ற வகுப்புக்குப் போய் நான் சான்றிதழ் வாங்கிவர வேண்டும்.

திங்கட்கிழமை தாரிணி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அடுத்த சனிக்கிழமை என்னை வகுப்பு வாசலில் இறக்கிவிட்டதும் அவள்தான். ஜன்னலை இறக்கி, “ஹேவ் எ குட் டே அட் ஸ்கூல், அப்பா” என்று கையாட்டினாள். வகுப்பில் நான்தான் முதல் பெஞ்சு.

அண்ணன் பெரிய மனுஷர். உறவை முறித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் தீபாவளிக்கு வருகிறார். ஆனால் காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, மழையானாலும் குடை பிடித்துக்கொண்டு நடந்துதான் வருகிறார். அவரைப் பார்த்து மற்ற நண்பர்களும் அப்படியே. எங்கள் வீட்டில் விருந்து என்றால் தெரு முழுக்கக் கார்கள் நிற்கும், டிரைவ்வே மட்டும் கிரிக்கெட் ஆடலாம் போலக் காலியாகக் கிடக்கும்.

போன மாதம் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தம்பதியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். பாவம், விவரம் தெரியாதவர்கள். காரை நேராகக் கொண்டுவந்து டிரைவ்வேயில் நிறுத்தினார்கள். சுமதி கரண்டியும் கையுமாக, செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

“ஐயோ, அங்க வேணாங்க! அவர் வீட்லதான் இருக்கார்!”