கேஸ் அண்ணாச்சி வாசித்த கரியமில வாயு

கரியமில வாயுவைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் கேஸ் அண்ணாச்சிதான். எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகச் சாலையில், அந்த வாயுவைப் பாட்டிலில் அடைக்கும் சோடா கம்பெனி நடத்தினார். அதே வாயுவில் டாக்டர் பட்டம் வாங்கக் கிளம்பியிருந்த கல்லூரி ஆசிரியன் நான்.

பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைக் கரியமில வாயு எந்தெந்த அலைகளில் பிடித்துக்கொள்கிறது என்று உலகமெங்கும் அளந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த எண்களை ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தேன்; அதைப் பார்த்து ஒரே அட்டவணையாக எழுதி, சென்னையில் என் பேராசிரியருக்கு நான் அனுப்பவேண்டும். அவர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். வானிலையை ஆராய்கிறவர்கள் அதை நம்பிக் கணக்குப் போடுவார்கள். அதாவது, என்னை நம்பி!

எழுதியதை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் நோட்டோடு ஒப்பிட்டு டிக் அடிக்கவேண்டும். என் மனைவி இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து போய்விட்டாள். அண்ணாச்சியிடம் புலம்பினேன்.

"நம்ம கேஸுக்கா சார் இம்புட்டு நம்பரு? கொண்டாங்க, நான் வாசிக்கேன்."

கடையிலேயே உட்கார்ந்து உரக்க வாசித்தார். லாட்டரி முடிவு என்று நினைத்துக் கூட்டம் கூடியது. ஒரு லாரி டிரைவர் தன் லாட்டரிச் சீட்டையே எடுத்துவிட்டார்.

"ஏலே, இது காத்து நம்பருலே! அங்கன தள்ளி நில்லு!"

அவர் வாசிக்க வாசிக்க, நான் வேடிக்கை பார்த்தபடி டிக் அடித்தேன். மூன்றாம் நாள் திடீரென்று நிறுத்தினார்.

"ரெண்டாயிரத்து முன்னூத்தி அம்பத்தஞ்சு. அடுத்தது எழுவத்தஞ்சு. அதுக்கடுத்தது அம்பத்தெட்டு. ஏறி எறங்குதே சார்? எங்கயோ இடிக்கு."

"அதெல்லாம் குவாண்டம் கொள்கை அண்ணாச்சி. உங்களுக்குப் புரியாது."

அவர் மிச்சத்தையும் வாசித்து முடித்தார். நான் அட்டவணையை உறையில் போட்டு ஒட்டி, அன்று சாயங்காலமே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் காலை என் வகுப்பு வாசலில் சைக்கிளோடு நின்றார். "ராத்திரி பூரா உறக்கம் இல்ல சார். ஒருக்க மட்டும் நோட்டைப் பாருங்க."

அவர் வாயை அடைக்கவே நோட்டைப் பிரித்தேன். அங்கே ஐம்பத்தேழு என்று இருந்தது. எழுபத்தைந்து என்று திருப்பி எழுதியவன் நான். குவாண்டம் கொள்கை பாவம், அதற்கு இதில் பங்கே இல்லை.

வகுப்பை விட்டுவிட்டு, அண்ணாச்சியின் சைக்கிள் கேரியரில் தொற்றிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் பறந்தேன். தபால் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஓர் எண் தப்பு, உறையைத் திருப்பித் தரவேண்டும் என்று கெஞ்சினேன். தபால் நிலைய அதிகாரி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"எம்மவன் உங்ககிட்டதான் சார் படிக்கான். நீங்களா தப்பா எழுதுனீங்க?"

நான் ரசீதைத் தேடுகிற மாதிரி சட்டைப் பையைத் துழாவினேன். அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"சார் சரியாத்தான் எழுதுனாவ. நாந்தான் தப்பா வாசிச்சுக் கெடுத்துட்டேன். படிப்பில்லாதவன் பாருங்க."

உறை திரும்பக் கிடைத்தது. அட்டவணையை முதலிலிருந்து ஒப்பிட்டோம். மேலும் பதினோரு தப்பு. எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினோம், பட்டமும் வந்தது. தபால் நிலையத்தில் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் திருத்த எனக்கு இத்தனை வருடம் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி, நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள்.