கைப்பிடியைக் கழற்றிய மேதை

பொருளைச் செய்து வைக்கும்போது அது அழகாகத்தான் இருக்கிறது, மனிதன் வந்து கை வைத்த பிறகுதான் கெட்டுப்போகிறது என்று மனமார நம்புகிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. அவர்கள் செய்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் அவர்கள் முகம் வாடும். அவர்கள் மாட்டிய விளக்கின் சுவிட்சை நீங்கள் தேடினால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டீர்களோ, பூசை நடக்கும்போது மாதா கோயிலில் விசிலடித்தவரைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் பாரிஸில் விளைச்சல் அதிகம். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, சக்கரம் மாதிரி வட்டக் கண்ணாடி, ஆகஸ்டு வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு துணி. தெருவில் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்த இனத்தின் முடிசூடா மன்னர் ஓதிலோன் ப்ரெவால். பாத்திரம், விளக்கு, நாற்காலி, ஹோட்டல் அறை, நூலகம் என்று அவர் கை படாத இடம் பிரான்சில் குறைவு. அவர் கை பட்ட இடத்தில் மற்றவர்கள் கை வைக்க வழியிருக்காது.

அவர் புகழ் எப்படித் தொடங்கியது என்று பத்திரிகைகள் பலவிதமாக எழுதியிருக்கின்றன. உண்மை தெரிந்தவர் ஒருவர்தான். ஓதிலோனின் பட்டறையில் ஆரம்பம் முதல் வேலை பார்த்து, பிறகு அதை நடத்தியும் வந்த சொலாஞ்ச் தூர்னெல்.

அப்போது ஓதிலோனுக்கு வயது இருபத்தெட்டு. சொலாஞ்சுக்கு இருபத்து நான்கு. உலோகம் பற்றவைக்கிற வேலை. மிலான் கண்காட்சிக்கு ஒரு காப்பிக் குடுவையை வேனில் கொண்டுபோனார்கள். ஆல்ப்ஸ் மலைப் பாதையின் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி, குடுவை ஒரு பக்கமும் கைப்பிடி ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன. பற்றவைத்தது சொலாஞ்ச். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அரை மணி நேரம் குடுங்க முசியே, ஒட்டித் தர்றேன்" என்று அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நடுவர்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். அவள் கைப்பிடியை மேலங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இதுக்குக் கைப்பிடி எங்க?" என்றார் ஒரு நடுவர்.

ஓதிலோன் ஒரு நொடி வெலவெலத்துப் போனார். அடுத்த நொடி நிமிர்ந்தார். "கைப்பிடியா? அது சூட்டைக் கண்டு நாம படற பயம். பயத்தை எடுத்துட்டேன்."

தங்கப் பதக்கம்!

அந்தக் குடுவை ஐரோப்பா முழுக்க விற்றது. வாங்கியவர்கள் அதை அலமாரியில் வைத்து அழகு பார்த்தார்கள். காப்பி போட்டவர்கள் விரலைச் சுட்டுக்கொண்டு, தங்களுக்குத்தான் ரசனை போதவில்லை என்று வெளியில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அன்று கற்ற பாடத்தை ஓதிலோன் கடைசிவரை மறக்கவில்லை. எதையாவது எடுத்துவிட வேண்டும். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் எதிராளியின் மனக்கோளாறைக் காரணமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு புதிய கட்டடத்துக்குள் அவர் நுழைவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்று கண்ணை மூடுவார். உடன் வந்தவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். மெல்ல நடந்து சுவரை உள்ளங்கையால் தடவுவார். அப்புறம் திரைச்சீலையைப் பார்த்து, "இங்க ஒரே சத்தம்" என்பார். திரைச்சீலை போய்விடும். மேசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மேசையும் போய்விடும். கடைசியில், "இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்பார். என்ன ஆகும் என்று அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். யாராவது வாயைத் திறப்பார்களா? திறந்தால் ரசனை கெட்டவன் என்ற பெயரல்லவா வரும்!

ஒரே ஒருத்தி திறந்தாள். வெளியூர்ப் பழைய ஹோட்டல் ஒன்றின் முதலாளி மதாம் கொர்பினோ. ஓதிலோன் புதுப்பித்துக் கொடுத்த அறையின் முன்னால் நின்று கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"முசியே ப்ரெவால், இந்தக் கதவை எப்படித் திறக்கறது?"

"கதவுன்னா திறந்தே ஆகணும்னு ஏன் நெனைக்கறீங்க, மதாம்?"

"ஏன்னா நான் ஹோட்டல் நடத்தறேன்."

ஓதிலோன் புன்னகைத்து, படப்பிடிப்புக்காரர்களை வரச் சொல்லிவிட்டு, ரயிலேறிப் போய்விட்டார். முடிந்த வேலையைத் திரும்பிப் பார்க்கிறவன் கலைஞன் இல்லை என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைதான் அவரைக் காப்பாற்றியது. எப்படி என்று கேளுங்கள்.

அவர் போன மறுநாள் மதாம் கொர்பினோ பட்டறைக்கு போன் செய்து அழுதாள். சொலாஞ்ச் பூட்டு வேலை செய்யும் அன்செல்மைக் கூப்பிட்டாள். அவன் ஒரு பெட்டி நிறையச் சின்னப் பித்தளைக் குமிழ்களோடு போய், சுவரின் நிறத்தையே அவற்றுக்கும் பூசி, கண்ணுக்கு உறுத்தாமல் எல்லாக் கதவிலும் பொருத்திவிட்டு வந்தான். குளியலறையில் துண்டு மாட்ட ஒரு கொக்கி. படுக்கை அருகில் ஒரு சுவிட்ச். மாடிப்படியில் ஒரு பிடிகம்பி. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. படம் எடுத்து முடிந்ததும் ஓதிலோன் ஒரு வாசல் வழியாகப் போவார். அன்செல்ம் இன்னொரு வாசல் வழியாகப் பெட்டியோடு வருவான். அங்கே தங்கிப் பார்த்துவிட்டு விமர்சகர்கள் எழுதினார்கள்: "ப்ரெவாலின் எளிமைக்குள் ஒரு தாயின் கனிவு ஒளிந்திருக்கிறது." காலை ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஓதிலோன் அதைப் படித்து, "சரியாப் புரிஞ்சுக்கிட்டான்" என்று தலையாட்டுவார். சொலாஞ்ச் காப்பியை ஊற்றுவாள். சாதாரணக் கடையில் வாங்கிய, கைப்பிடி உள்ள குடுவையிலிருந்து.

பத்தொன்பது வருடங்கள் இப்படி ஓடின.

ஓதிலோனுக்கு அறுபத்தொன்று நடந்தபோது பாரிஸின் கிழக்கே ஒரு மருத்துவமனையில் புதிய பிரிவு கட்டினார்கள். எலும்பு முறிந்தவர்கள் அறுவை முடிந்து தேறுகிற பிரிவு. அறைகளை அமைக்கும் வேலை அவருக்கு வந்தது. அவர் கண்ணை மூடினார், சுவரைத் தடவினார். பிடிகம்பி போயிற்று. அழைப்பு மணியும் சுவிட்சும் வெள்ளைப் பலகைகளுக்குப் பின்னால் போயின. சரியான இடத்தில் அமுக்கினால் பலகை திறக்கும். எது சரியான இடம் என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது.

"எங்க அமுக்கணும்னு நோயாளிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் சொலாஞ்ச்.

"தேவை இருக்கறவன் கண்டுபிடிப்பான்."

"வலியில துடிக்கறவனா?"

"சொலாஞ்ச், உனக்கு எப்பவுமே மனுஷங்க மேல நம்பிக்கை கெடையாது."

அவள் பட்டறைக்குத் திரும்பி, திறப்பு விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை வரும்படி அன்செல்முக்குச் சொல்லி வைத்தாள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. சனி ஞாயிறு விடுமுறை. இரண்டு நாளில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

வெள்ளிக்கிழமை படம் எடுக்கும்போது ஜன்னல் ஓரத்து நிழல் சரியில்லை என்று ஓதிலோன், தாமே வடிவமைத்த முக்காலி மேல் ஏறினார். முக்காலி என்று பெயர்தானே தவிர, போன வருடம்தான் அதிலிருந்து ஒரு காலை அவர் எடுத்திருந்தார்.

இடுப்பு எலும்பு முறிந்தது. வேறு எங்கே கொண்டுபோவார்கள்? அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அறுவை செய்து, மேலே புதிய பிரிவின் நான்காம் அறையில் கிடத்தினார்கள். முதல் நோயாளி.

ஞாயிறு காலை சொலாஞ்ச் பார்க்கப் போனாள். அறை அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. அலமாரி ஒன்று திறந்து கிடந்தது. ஜன்னல் மறைப்பு பாதியில் நின்றது. விளக்கு மங்குவதும் எரிவதுமாக இருந்தது. கட்டிலில் ஓதிலோன் கழுத்தில் துணி இல்லாமல், கண்ணாடி இல்லாமல், கைக்கு எட்டிய பலகைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. முப்பத்து மூன்று வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"மணி எங்க இருக்கு, சொலாஞ்ச்?" என்றார் கம்மிய குரலில். "ஒரு மணி நேரமா கூப்பிடறேன். என்னால... எனக்கு அவசரமா..."

அவள் தலைமாட்டுக்குப் பின்னால் கை விட்டு அமுக்கினாள். தாதி மர்லேன் ஓடி வந்தாள். குவாதலூப் தீவுக்காரி, வாய் ஓயாது. வேண்டிய உதவியைச் செய்து, விரிப்பையும் மாற்றிக்கொண்டே பேசினாள்.

"மன்னிச்சுக்குங்க முசியே, உங்க மேல தப்பில்ல. எனக்கே இந்த ரூம்ல தண்ணிக் குழாய் எங்கன்னு தெரியல. இதை வரைஞ்சானே ஒரு மகராசன், அவன் இடுப்பை ஒடிச்சு ரெண்டு நாள் இங்க படுக்கப் போடணும்."

ஓதிலோன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "பேர் எதுவும் சொன்னாங்களா?"

"யாருக்குத் தெரியும்? பெரிய ஆளாம். பெரிய ஆளுங்களுக்கு ஒண்ணுக்கே வராது போல."

மர்லேன் பழைய விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

"ஒரு பிடிகம்பி போடச் சொல்லு" என்றார் ஓதிலோன், சுவரைப் பார்த்தபடியே. "எனக்கு மட்டும்."

"நாளைக்கு அன்செல்ம் வர்றான். எல்லா ரூமுக்கும் சொல்லியாச்சு."

"எப்ப சொன்ன?"

"போன மாசம்."

அவர் மெல்லத் திரும்பினார். மேதைதானே, கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. "கொர்பினோ ஹோட்டல்?"

"எல்லாக் கதவுலயும்."

"லியோன் நூலகம்?"

"ஏணி, படிக்கற விளக்கு, அப்புறம் நாற்காலிக்கெல்லாம் சாயறதுக்கு முதுகு."

"அந்த நூலகத்துக்குத்தான் எனக்கு தேசிய விருது குடுத்தாங்க!"

"ஆமா. உக்காந்து பாத்துட்டுத்தான் குடுத்தாங்க."

ஓதிலோன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். கோபமா அவமானமா என்று அவருக்கே தெரியவில்லை. "பத்தொம்பது வருஷமா என் வேலை மேல கிறுக்கியிருக்க. வெளிய போ. இனிமே பட்டறைப் பக்கம் வராத."

சொலாஞ்ச் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சுருக்கென்றது, ஆனால் எங்கோ ஒரு மூலையில் பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது. கதவின் சரியான இடத்தில் அமுக்கி வெளியே போனாள்.

திங்கட்கிழமை அன்செல்ம் வந்து கம்பியைப் பொருத்தினான். ஓதிலோன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாயன்று மர்லேன் அவரைத் தூக்கி நிறுத்தினாள். கம்பியைப் பிடித்து, தம் சொந்தக் காலில் நின்றார். அரை நிமிடம். "போதும், உக்காருங்க" என்று அவள் சொன்ன பிறகும் அவர் கை கம்பியை விடவில்லை. அதன் வளைவையும் வழவழப்பையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த அரை நிமிடத்தில் அவர் மனம் திருந்தியிருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். பாதி திருந்தியது. மீதிப் பாதியில் ஒரு யோசனை உதித்தது.

ஒரு மாதம் கழித்து ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏறி சொலாஞ்ச் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. "பட்டறையில எதுவும் எங்க இருக்குன்னு தெரியல" என்றார்.

"உள்ள வாங்க. கதவு தானா சாத்திக்கும், கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். அவள் சூடாக வெங்காய சூப் கொடுத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இனி செய்கிற வேலைகளில் தன் பெயரும் அன்செல்ம் பெயரும் வர வேண்டும். ஓதிலோன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

வசந்த காலத்தில் கண்காட்சி திறந்தது. தலைப்பு: "பிடிமானம்." நீண்ட வெள்ளைச் சுவரில் நாற்பது கைப்பிடிகள். ஓதிலோன் தொலைக்காட்சியில் தோன்றி, "கைப்பிடியை இந்த உலகம் மறந்துபோச்சு" என்று தழுதழுத்தார். மறக்கடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. விமர்சகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெயர்கள்? போட்டிருந்தார். வாக்குத் தவறவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், காகிதம் தந்த ஆலைக்கும் கீழே, எறும்பு அளவில், வெள்ளைக் காகிதத்தில் ஏறக்குறைய வெள்ளை மையில்.

சொலாஞ்ச் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. அவள் குடை சொட்டிக்கொண்டிருந்தது. சுவரருகே போனாள்.

"தொடக் கூடாது, மதாம்!" என்று காவலாளி கத்தினான்.

"தொடல" என்று சொல்லி, நனைந்த குடையை நடுவில் இருந்த கைப்பிடியில் மாட்டிவிட்டு, அன்செல்மோடு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது குடையைச் சுற்றிக் கூட்டம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற ஓதிலோன், "இதுதான் இந்தக் கண்காட்சியோட இதயம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

என்ன மனிதரப்பா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாரும் உட்காரக் கூடாத ஒரு சோபா இருக்கிறதா? விருந்தாளி கை துடைத்தால் உங்கள் முகம் மாறுகிற ஒரு பூத்துண்டு? ஷோகேஸ் பொம்மையை மறைக்கிறது என்று நீங்கள் இடம் மாற்றிய டியூப்லைட்? இருந்தும் வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்க வீடு எவ்வளவு வசதியா இருக்கு!" என்று பாராட்டி, நீங்களும் தலையாட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். அடுக்களையில் ஒருவர் வாய் பேசாமல் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்.